பரண் போட்டும் பறவை கிட்டே வரவில்லையா? வடசென்னைக்காரர்களுக்குப் பிழை நீக்கும் வழிமுறை

முயல், காடை, கௌதாரி என்று சின்ன உருப்படிகளுக்காக மரத்தில் பரண் கட்டிக் காத்திருந்த காலம் 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தோடும் அதன் 1991 திருத்தத்தோடும் நம் ஊரில் முடிந்துவிட்டது. பரண் மட்டும் முடியவில்லை. இன்று அதில் ஏறுகிறவர் கையில் கேமராவோ பைனாகுலரோ இருக்கிறது, அவ்வளவுதான். எண்ணூர்க் கழிமுகம், ரெட்டேரி, மாதவரம் ஏரி, கடப்பாக்கம் ஏரி, மீஞ்சூரைத் தாண்டிய தோப்புகள் என்று அலைகிறவர்களுக்கு வரும் கோளாறுகள், பழைய வேட்டைக்காரருக்கு வந்த அதே கோளாறுகள்தான்.

கீழே எல்லாம் அறிகுறி வாரியாக இருக்கிறது. உங்களுக்கு எது நடக்கிறதோ அங்கே நேராகப் போய்ப் படிக்கலாம். முன்கூட்டியே ஒன்று சொல்லிவிடுகிறேன். பாதிக்கு மேற்பட்ட பிழைகள் பரணில் உட்காருவதற்கு முன்பே நடந்துவிடுகின்றன: எந்த இடம், எவ்வளவு உயரம், எந்தத் திசை, எத்தனை மணிக்கு ஏறினோம் என்பதில். லென்ஸை மாற்றக் கடன் வாங்குவதற்கு முன் இடத்தை மாற்றிப் பாருங்கள்.

பறவை கிடைக்கிறது, ஆனால் படத்தில் முதுகும் தண்ணீரும்தான் தெரிகிறது

உயரம் அதிகம். தரையில் நடக்கும் விலங்கை எதிர்பார்த்த வேட்டைக்காரருக்கு 15, 20 அடி உயரம் பொருத்தமாக இருந்திருக்கலாம். விலங்கு மேலே பார்ப்பது குறைவு. பறவை அப்படி இல்லை. பருந்து வருகிறதா என்று அண்ணாந்து பார்ப்பதே அதன் பிழைப்பு. உயரம் கூடக் கூட உங்கள் கோணமும் கெடுகிறது, அதன் சந்தேகமும் கூடுகிறது.

முதலில் எந்தப் பறவைக்காக ஏறுகிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள். நெடுங்கால் உள்ளான், ஆட்காட்டி, முக்குளிப்பான், இலைக்கோழி போன்ற நீர்ப்பறவைகளுக்குப் பரணே வேண்டாம். கரையோரம் கோரைப்புல்லுக்குப் பின்னால் தரையோடு தரையாகக் கிடந்தால் பறவையின் கண்மட்டத்துக்கு லென்ஸ் வந்துவிடும். பின்னணியும் தூரத்துக்குப் போய் மென்மையாக விழும். பரண் பயன்படுவது மரக்கிளைப் பறவைகளுக்கு. மொட்டைக் கிளையில் காலை வெயில் காயும் செம்மார்புக் குக்குறுவான், போன கிளைக்கே திரும்பத் திரும்ப வந்து உட்காரும் பச்சைப் பஞ்சுருட்டான், மாங்குயில், கிளி. இவற்றுக்கும் 8 முதல் 10 அடி போதும். நடுவயதுக்காரர்கள் இதோடு நிறுத்திக்கொள்வது முழங்காலுக்கும் நல்லது.

ராயபுரம், வியாசர்பாடி, பெரம்பூர்ப் பக்கம் இருப்பவர்களுக்கு ஒரு மாற்று வழி. மரம் தேட வேண்டாம். மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியின் நிழல்தான் இந்தப் பக்கத்தின் நல்ல பரண். மூன்றாவது மாடியிலிருந்து பார்த்தால் தென்னை ஓலையில் உட்காரும் கிளி கண்மட்டத்தில் இருக்கும். காசிமேட்டில் மீன் ஏலம் நடக்கும் வேளையில் வட்டமிடும் பருந்தும் செம்பருந்தும் தலைக்கு மேலே அல்ல, நேரெதிரே வரும்.

போய்ச் சேர்வதற்குள் எல்லாம் பறந்துவிடுகின்றன

இதற்குக் காரணங்கள் மூன்று நான்கு உண்டு. வரிசையாகப் பாருங்கள்.

ஏரிக்கரை மேல் நடந்து போகிறீர்களா? கரை உயரம். பின்னால் வெறும் வானம். அங்கே நடக்கும் ஆள், ஏரியின் அடுத்த முனையிலிருக்கும் நாமக்கோழிக்கும் தெரிவார். கரைக்கு இந்தப் பக்கச் சரிவில் நடந்து, பரணுக்கு நேராக வந்த பிறகு மட்டும் குனிந்து ஏறுங்கள்.

வழியில் ஆட்காட்டியைக் கிளப்பிவிட்டீர்களா? செம்மூக்கு ஆட்காட்டி ஒன்று கத்த ஆரம்பித்தால் மற்ற பறவைகள் எல்லாம் தலையைத் தூக்கிவிடும். அப்போது முன்னே போகாதீர்கள், பின்னேயும் ஓடாதீர்கள். இருந்த இடத்திலேயே குந்துங்கள். அது தணிந்து தரையில் இறங்கிய பிறகு, அதன் இடத்தைச் சுற்றிக்கொண்டு போங்கள். கோடை தொடங்கும் மாதங்களில் அது ஒரே இடத்தைச் சுற்றிக் கத்தினால் வெறும் தரையில் முட்டை இருக்கிறது என்று அர்த்தம். அந்தப் பாதையையே விட்டுவிடுங்கள்.

நேராகப் பறவையை நோக்கி நடக்கிறீர்களா? கொக்கும் மடையானும் மனித நடமாட்டத்துக்குப் பழகியவை. ஆனால் கண்ணைப் பார்த்துக்கொண்டு நேராக வருகிற ஆளை அவை பொறுப்பதில்லை. சாய்வாக, வேறு வேலையாகப் போகிறவர் போலக் கடந்து போங்கள்.

வெளிச்சம் வந்த பிறகு ஏறுகிறீர்களா? சூரியன் உதிக்க அரை மணி நேரம் இருக்கும்போதே பரணில் இருக்க வேண்டும். சிவப்பு ஒளி டார்ச் கைக்கு வழி காட்டும், உங்கள் கண்ணையும் கூசச் செய்யாது.

அவ்வளவு சீக்கிரம் முடியாது என்றால் பழைய தந்திரம் ஒன்று இருக்கிறது. இரண்டு பேராகப் போங்கள். ஒருவர் மறைவில் உட்கார, இன்னொருவர் நன்றாகத் தெரியும்படி திரும்பி நடக்கட்டும். வந்த ஆள் போய்விட்டார் என்று பறவைகள் இறங்கிவிடும். எத்தனை பேர் வந்தார்கள் என்ற கணக்கு பெரும்பாலும் அவற்றுக்குப் பிடிபடுவதில்லை. துணைக்கு வருபவருக்கு டீயும் பொறையும் வாங்கித் தருவது மரபு.

ரெட்டேரியில் இன்னொரு வசதி. இருநூறு அடிச் சாலை ஓரமாகவே தண்ணீர் இருப்பதால் அந்தப் பறவைகள் வண்டிகளுக்குப் பழகிவிட்டன. வண்டி நின்றால் கவலைப்படாத பறவை, வண்டியிலிருந்து கால் கீழே பட்டதும் கிளம்பிவிடும். ஆகவே இறங்காதீர்கள். ஓரங்கட்டி நிறுத்திய ஆட்டோவின் பக்கத் திரையை இறக்கிவிட்டு, இடுக்கு வழியே லென்ஸை நீட்டுங்கள். எஞ்சினை அணைத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் அதன் நடுக்கம் முழுக்கப் படத்தில் இருக்கும்.

இத்தனை செய்தும் ஒரு குறிப்பிட்ட இடத்தில் மட்டும் பறவைகள் நூறு மீட்டருக்கு அப்பாலேயே எழும்பினால், அங்கே யாரோ உண்டிவில்லும் வலையுமாக வருகிறார்கள் என்று சந்தேகப்படலாம். கண்ணியையோ விரித்த வலையையோ கண்டால் நீங்களே அறுத்துவிட்டுச் சண்டைக்கு நிற்க வேண்டாம். இடத்தைப் படம் எடுத்து வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

அசையாமல்தான் இருக்கிறேன், ஆனாலும் கிட்டே வருவதில்லை

அசையாமல் இருப்பதாக நாம் நினைத்துக்கொள்கிறோம். நண்பர் ஒருவரைப் பறவை இறங்கும் இடத்தில் நிற்கவைத்துப் பரணைப் பார்க்கச் சொல்லுங்கள். அவர் முதலில் சொல்லப்போவது உங்கள் கையும் முகமும் தெரிகிறது என்பதுதான். உடைக்குப் பாசி நிறம் வாங்கியவர்கள் கையுறையை மறந்துவிடுகிறார்கள். வெறும் கையும் நெற்றியும் வெயிலில் மின்னும். மெல்லிய துண்டால் முகத்தைச் சுற்றிக்கொள்ளுங்கள். வெள்ளை லென்ஸ் என்றால் பழைய லுங்கித் துணியில் உறை தைத்துப் போடுங்கள்.

உடையின் நிறத்தைப் பொறுத்தவரை கடையில் விற்கும் இலைக்கோல அச்சுக்குச் செலவழிப்பது வீண் என்பது என் கருத்து. மங்கிய பழுப்பு, சாம்பல், பாசி எதுவானாலும் சரி. ஆனால் சலவைத்தூளைக் கவனியுங்கள். துணியைப் பளிச்சென்று காட்டச் சேர்க்கும் பொருள், புற ஊதா ஒளியை வாங்கி நீல ஒளியாகத் திருப்பி விடும். பல பறவைகளுக்குப் புற ஊதாவே கண்ணுக்குத் தெரியும். பரணுக்குப் போகும் சட்டையை அந்தப் பொருள் சேர்க்காத சோப்பில் அலசினால் போதும்.

அடுத்தது உங்களுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பது. பரணுக்கு முன்னால் எவ்வளவு தழை கட்டினாலும், முதுகுக்குப் பின்னே திறந்த வானம் இருந்தால் தலை அசைவது நிழலுருவமாகத் தெரியும். முன்மறைப்பைவிடப் பின்மறைப்பு முக்கியம். அடிமரமோ அடர்ந்த கிளையோ முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி உட்காருங்கள். வேறு வழியில்லை என்றால் பனையோலைத் தட்டி ஒன்றைப் பின்னால் நிறுத்துங்கள்.

தார்ப்பாய் போட்டிருந்தால் அதைத் தட்டிப் பாருங்கள். காற்றில் படபடக்கிற பிளாஸ்டிக்கைப் போலப் பறவையை விரட்டுவது வேறெதுவும் இல்லை. தவிர, நம்ம ஏரியாவில் நீலத் தார்ப்பாயை மரத்தில் விட்டுவிட்டு வந்தால், அடுத்த மழைக்கு அது யார் வீட்டுக் கூரையிலோ இருக்கும். பனையோலை, கோரை, சவுக்குத் தழை என்று அந்த இடத்தில் கிடைப்பதைக் கட்டுங்கள். யாரும் எடுக்கமாட்டார்கள், பறவையும் சீக்கிரம் பழகும். தழைக்காக உயிர்மரத்தைக் கழிக்காதீர்கள், உதிர்ந்ததே போதும்.

பழகுவதற்கு நேரம் கொடுத்தீர்களா என்பதும் கேள்வி. நேற்று இல்லாத ஒரு மேடை இன்று மரத்தில் இருந்தால் அந்த மரத்தையே பறவைகள் ஒதுக்கும். ஒரே நாளில் முழுவதும் கட்டாமல், இன்று நாலு கட்டை, இரண்டு நாள் கழித்துத் தளம், அப்புறம் மறைப்பு என்று படிப்படியாக ஏற்றுங்கள். கட்டி முடித்து ஒரு வாரம் அந்தப் பக்கமே போகாமல் இருப்பது இன்னும் நல்லது.

வருகிறது, உட்காருகிறது, ஆனால் எப்போதும் எனக்கு முதுகைக் காட்டியே

இதுதான் நம் கடற்கரைக்கே உரிய சிக்கல். இதைப் புரிந்துகொண்டால் பாதி அலைச்சல் மிச்சம்.

பறவை இறங்குவதும் எழும்புவதும் காற்றை எதிர்த்து. உட்கார்ந்திருக்கும்போதும் இறகு கலையாமல் இருக்கக் காற்றைப் பார்த்தே உட்காரும். ஆகவே காற்று உங்கள் முதுகுப் பக்கமிருந்து அடித்தால் பறவை உங்களைப் பார்த்து இறங்கும். மானை வேட்டையாடுகிறவருக்கு இது தலைகீழ். தன் வாசனை மானுக்குப் போய்விடுமே என்று அவர் காற்றுக்கு எதிரே உட்காருவார். மானுக்கு எழுதிய அறிவுரையைப் பறவைக்குப் பின்பற்றினால் முதுகுதான் கிடைக்கும்.

வெயிலும் உங்கள் முதுகுப் பக்கம் இருக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். சிக்கல் எங்கே என்றால், சென்னையில் காலையில் வெயில் கிழக்கே, நிலக்காற்று மேற்கிலிருந்து. பிற்பகலில் வெயில் மேற்கே, கடற்காற்று கிழக்கிலிருந்து. அதாவது பெரும்பாலான நாட்களில் வெயிலும் காற்றும் எதிரெதிர். வெயிலை முதுகுக்கு வைத்தால் பறவை திரும்பிக்கொள்ளும், காற்றை முதுகுக்கு வைத்தால் நிழலுருவம்தான் கிடைக்கும்.

வழி மூன்று. ஒன்று, பரணை நேர் கிழக்கிலோ மேற்கிலோ வைக்காமல், பறவை இறங்கும் இடத்துக்குத் தெற்கே அல்லது வடக்கே வையுங்கள். பக்கவாட்டு வெளிச்சம், பக்கவாட்டுத் தோற்றம். கண்ணும் அலகும் தெளிவாக வரும். எனக்கு இதுதான் பிடித்தது. இரண்டு, காற்றே இல்லாத நேரம். நிலக்காற்று ஓய்ந்து கடற்காற்று எழும்புவதற்கு முன் ஒரு அமைதி வரும். அப்போது பறவை எந்தப் பக்கமும் திரும்பும், ஆனால் வெயில் ஏறிவிட்டிருக்கும் என்பது குறை. மூன்று, வடகிழக்குக் காற்று வீசும் நாட்கள். பருவமழை விட்டுவிட்டுப் பெய்யும் மாதங்களிலும் அதன் பிறகும், காலையிலேயே வடகிழக்கிலிருந்து காற்று வரும் நாளாகப் பாருங்கள். கிழக்கே உட்கார்ந்தால் வெயிலும் காற்றும் ஒரே பக்கம். வலசைப் பறவைகள் இங்கே இருக்கும் அக்டோபர் முதல் மார்ச் வரையான காலமும் அதுவே. அலுவலக விடுப்பை அந்த நாட்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் கூட்டம் கூட்டமாக இருந்தன, இன்று ஒன்றுமில்லை

எண்ணூர்க் கழிமுகம் என்றால் கடிகாரத்தை விடுங்கள், கடலின் ஏற்றவற்றத்தைப் பாருங்கள். ஒரு ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் ஏறத்தாழ 12 மணி 25 நிமிடம். அதனால் நாளுக்கு நாள் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். இன்று காலை 7 மணிக்குச் சேறு வெளியே தெரிந்தால், ஒரு வாரம் கழித்து அதே 7 மணிக்கு அங்கே தண்ணீர் ஏறியிருக்கும். உள்ளான்கள் சேற்றில் மேய்கிற பறவைகள். சேறு மூழ்கினால் வேறு மேட்டில் போய்க் கூட்டமாக ஒற்றைக் காலில் நிற்கும். வற்றும் நேரத்தில் மேயும் சேற்றையும், ஏறும் நேரத்தில் ஒதுங்கும் மேட்டையும் தனித்தனியாகக் குறித்துவையுங்கள். துறைமுகத்துக்கான அட்டவணை நேரத்துக்கும் கழிமுகத்தின் உட்புறத்துக்கும் இடைவெளி உண்டு. தண்ணீர் சுற்றி உள்ளே வர நேரமாகும். முகத்துவாரம் மணலால் அடைபட்டிருந்தால் அட்டவணையே பயன்படாது. அங்கே வலை போடுகிறவர்களிடம் கேளுங்கள், சரியாகச் சொல்வார்கள்.

ஏரி என்றால் ஆழம்தான் விஷயம். மழை முடிந்து ஏரி ததும்பி நிற்கும்போது ஓரத்தில் நடந்து மேயும் பறவைகளுக்கு நிற்க இடமே இருக்காது. கால் நீளத்துக்கு மேல் ஆழம் போனால் நெடுங்கால் உள்ளானுக்கும் வேலையில்லை. தண்ணீர் இறங்க இறங்கத்தான் ஓரச்சேறு வெளிவரும். அப்போது தண்ணீர் விளிம்பும் நகர்ந்துகொண்டே போகும். டிசம்பரில் தண்ணீரை ஒட்டிப் போட்ட மறைவிடம் மார்ச்சில் வெறும் புல்வெளியைப் பார்த்துக்கொண்டிருக்கும். ஆகாயத்தாமரை மூடிவிட்ட ஏரியில் முக்குளிப்பான் போய்விடும், இலைக்கோழியும் தாழைக்கோழியும் வரும். அது கோளாறு இல்லை, ஆள் மாற்றம்தான்.

தீபாவளிப் பட்டாசு, காணும் பொங்கல் கூட்டம் இவற்றுக்கு அடுத்த ஒன்றிரண்டு நாட்களை எதிர்பார்ப்பே இல்லாமல் விட்டுவிடுங்கள்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவியதையும், கூழைக்கடாக்களின் இறகில் அது ஒட்டியதையும் பலர் பார்த்திருப்பீர்கள். அப்படி ஒரு பறவை சிக்கினால் வீட்டில் கொண்டுபோய்ச் சோப்புப் போட்டுக் குளிப்பாட்டாதீர்கள். பிடித்துக் கழுவும் பதற்றத்திலேயே செத்துப்போகும். வனத்துறைக்குச் சொல்லிவிட்டுத் தள்ளி நில்லுங்கள்.

பரண் ஆடுகிறது, கிரீச்சென்று சத்தம் போடுகிறது

இதைப் படித்துவிட்டுத்தான் மற்றதைப் படிக்க வேண்டும் என்று சொன்னாலும் தப்பில்லை. வெளிநாட்டு வேட்டைக்காரர்கள் பரணிலிருந்து விழுந்து அடிபடுவது ஏறும்போதும் இறங்கும்போதும்தான் அதிகம். நமக்கும் அப்படித்தான்.

சத்தம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். கட்டையும் மரப்பட்டையும் உரசுகிற இடமானால் பழைய சைக்கிள் டியூபை வெட்டி நடுவில் சுற்றுங்கள், சத்தமும் போகும், பட்டையும் பிழைக்கும். கட்டுத் தளர்ந்திருந்தால் அவிழ்த்துப் புதிதாகக் கட்டுங்கள், மேலே இன்னொரு கட்டுப் போட்டு மூடாதீர்கள். நார்க்கயிறு நனைந்து காய்ந்தால் தளரும். பிளாஸ்டிக் கயிறு வெயிலில் வெளுத்து, வெளியே பஞ்சு போல் பிரிந்திருந்தால் உள்ளேயும் போய்விட்டது என்று அர்த்தம். நைலானில் முடிச்சு வழுக்கும். கட்டு தெரியாது என்றால் வெட்கப்படாமல் சாரம் கட்டுகிறவரைக் கூப்பிடுங்கள். வீடு கட்டும் இடத்தில் சவுக்குக் கட்டையில் பல மாடி உயரம் சாரம் ஏற்றுகிறவருக்கு உங்கள் பரண் அரை மணி நேர வேலை. சவுக்குக் கட்டை வாங்கும்போது தரையில் தட்டிப் பாருங்கள். ஓட்டையிலிருந்து மாவு போலப் பொடி உதிர்ந்தால் வண்டு துளைத்த கட்டை, வேண்டாம். ஆணி அடிக்கவே வேண்டாம். மரத்துக்கும் கேடு, காற்றில் மரம் அசைய அசைய ஆணியும் கழன்று வரும். பருவம் முடிந்ததும் கயிறுகளை அவிழ்த்துவிடுங்கள். விட்டால் மரம் பருக்கும்போது பட்டைக்குள் இறங்கிவிடும்.

கட்டு சரியாக இருந்தும் முழுப் பரணும் சாய்ந்து சாய்ந்து வருகிறதா? அப்போது கோளாறு மரத்தில். அடியில் காளான், கரையான் புற்று, தட்டினால் உள்ளே வெற்று ஓசை, வேர்ப்பக்கம் மண்ணில் பிளவு இவற்றில் ஒன்று இருந்தாலும் இறங்கிவிடுங்கள். 2016-இல் வர்தா புயலில் சாய்ந்து, பிறகு துளிர்விட்டு நிற்கும் மரங்கள் இன்னும் உண்டு. பார்வைக்குப் பசுமையாக இருந்தாலும் ஒரு பக்க வேர் போயிருக்கும். வேம்பு, புளி, மா ஆகியவற்றில் ஆள் கட்டிப்பிடிக்கிற அளவு அடிமரம் உள்ளதைத் தேர்ந்தெடுங்கள். முருங்கை கூடவே கூடாது, சொல்லாமல் ஒடியும். தென்னை மட்டை எப்போது விழும் என்று தென்னைக்கே தெரியாது. சீமைக்கருவேலத்தில் முள் இருக்கிறது, தாங்கும் அடிமரம் இல்லை. மின்கம்பி தொடும் தூரத்தில் இருக்கும் மரத்தை அலுமினிய ஏணியோடு நெருங்காதீர்கள்.

ஏறும் விதம். இரண்டு கை ஒரு கால் அல்லது இரண்டு கால் ஒரு கை, எப்போதும் மூன்று பிடி இருக்க வேண்டும். கேமராப் பையை முதுகில் மாட்டிக்கொண்டு ஏறாதீர்கள். கயிற்றின் ஒரு முனையைப் பையில் கட்டிக் கீழே வைத்துவிட்டு, மேலே போய் உட்கார்ந்த பிறகு இழுத்துக்கொள்ளுங்கள். துப்பாக்கிக்காரர்கள் கற்ற பாடம் இது, லென்ஸுக்கும் பொருந்தும். சாய்ப்பு ஏணியானால் 4 அடி உயரத்துக்கு 1 அடி தள்ளி அடிப்பாகம் இருக்க வேண்டும், மேல்முனையை மரத்தோடு கட்டியிருக்க வேண்டும்.

இடுப்பு பெல்ட்டை நம்பாதீர்கள். விழும்போது அது வயிற்றையும் முதுகையும் பிடித்து நொறுக்கும். தோள், மார்பு, தொடை மூன்றையும் பிடிக்கிற முழு உடல் பாதுகாப்பு வாரை வாங்குங்கள். கட்டட வேலைக்காரர்களுக்காக பாரிமுனைப் பக்கத்துத் தெருக்களில் விற்கிறார்கள். ஐஎஸ் 3521 என்ற இந்தியத் தர முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். தலைக்கு மேலே அடிமரத்தில் கட்டி, கயிற்றில் தொய்வு இல்லாமல் மாட்டுங்கள். மாட்டிக்கொண்டு விழுந்துவிட்டால் ஆபத்து முடிந்துவிடவில்லை. வாரில் அசையாமல் தொங்கினால் காலில் ரத்தம் தேங்கி மயக்கம் வரும். காலை உதைத்துக்கொண்டே இருக்க வேண்டும், கால் வைக்க ஒரு கயிற்று வளையம் கையெட்டும் இடத்தில் தொங்க வேண்டும். எங்கே போகிறோம், எப்போது திரும்புவோம் என்று வீட்டில் ஒருவரிடமாவது சொல்லிவிட்டுப் போங்கள்.

வடசென்னைக்கென்று இன்னொரு எச்சரிக்கை: மாஞ்சா. தடை இருந்தாலும் காத்தாடி அறுந்து மரத்தில் சிக்கிய நூல் கண்ணுக்குத் தெரியாமல் தொங்கும். கழுத்து மட்டத்தில் கையால் துழாவாதீர்கள், ஒரு குச்சியால் முன்னே தடவிக்கொண்டே ஏறுங்கள். கண்டால் இழுக்காமல் கத்தரியால் வெட்டிச் சுருட்டிக் கீழே கொண்டுவந்து குப்பையில் போடுங்கள். அந்த நூலில் சிறகு சிக்கித் தொங்கிச் சாகிற பறவைகள் கொஞ்சமல்ல.

பத்து நிமிடத்துக்கு மேல் உட்கார முடியவில்லை

எறும்பா, கொசுவா, காலா? மாமரத்தில் இலைகளை ஒட்டிப் பந்து போல் கூடு இருந்தால் முசுறு. அந்த மரத்தை விட்டுவிடுவது தவிர வேறு மருந்து கிடையாது. கொசுவுக்கு வேப்பெண்ணெயோ கடைத் தைலமோ பூசலாம். ஆனால் பூசிய கையால் லென்ஸையும் கேமராப் பிடியையும் தொடாதீர்கள், சில தைலங்கள் பிளாஸ்டிக்கையும் ரப்பரையும் அரிக்கும். கொசுவர்த்தி வேண்டாம், காய்ந்த ஓலைக்குப் பக்கத்தில் நெருப்பு எதற்கு? கால் மரத்துப்போனால் பலகை குறுகலாக இருக்கிறது, அல்லது விளிம்பு தொடையின் அடியை அழுத்துகிறது. கனமான பழைய தலையணை ஒன்று போதும்.

ஆட்கள் வந்து விசாரிக்கிறார்கள்

விசாரிக்கத்தான் செய்வார்கள். அனல்மின் நிலையம், துறைமுகம், தொழிற்சாலை மதில் இவற்றின் பக்கம் லென்ஸை நீட்டினால் பாதுகாப்புக் காவலர் வருவது நிச்சயம். அடையாள அட்டை கையில் இருக்கட்டும், அந்தப் பக்கம் படம் எடுக்காதீர்கள். புழல் ஏரி குடிநீர் ஏரி, கரையில் அனுமதியில்லாமல் இறங்கி மறைவிடம் போட முடியாது. தனியார் தோப்பு என்றால் உரிமையாளரிடம் முதல் நாளே பேசிவிட வேண்டும்.

மீனவர் குப்பங்களில் கதை வேறு. மூன்றுகால் தாங்கியைப் பார்த்ததும், "இன்னா தம்பி, நெலம் அளக்க வந்தியா?" என்று கேட்பார்கள். அளக்க வந்தவர்களால் அவர்கள் பட்டது அப்படி. "இல்லண்ணா, பறவ பாக்க வந்தேன்" என்று சொல்லி, கேமராவின் பின்திரையில் நாலு படம் காட்டுங்கள். பிறகு எந்த மேட்டில் கூழைக்கடா ஒதுங்கும், எந்த நேரம் வரும் என்று அவர்களே கூட்டிப்போய்க் காட்டுவார்கள். வலை காயப்போட்ட இடத்திலும் படகுக்குப் பக்கத்திலும் மறைவிடம் போடுவதென்றால் கேட்டுவிட்டுப் போடுங்கள்.

தாய்ப்பறவை கூட்டுக்குத் திரும்பவில்லை

இறங்குங்கள். இதற்குப் படிநிலை எதுவும் இல்லை. வெயில் நேரத்தில் முட்டையும் குஞ்சும் நிழலில்லாமல் கொஞ்ச நேரம் இருந்தாலே வெந்துவிடும், அதற்குள் காகம் பார்த்துவிடும். கூட்டை மறைக்கும் இலையை விலக்கி, கிளையை வளைத்து எடுத்த படம் எவ்வளவு அழகாக வந்தாலும் அது கூட்டைக் காட்டிக்கொடுத்த படம்தான். சட்டமும் இதை லேசாக விடவில்லை. சுடுவதோடு, விரட்டுவதும் இரை வைத்து இழுப்பதும் முட்டையையும் கூட்டையும் கலைப்பதும் அதன் கணக்கில் வேட்டைதான். பறக்கும் படத்துக்காகக் கல்லெறிந்து கூட்டத்தைக் கிளப்புகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். பதிவு செய்த குரலை ஒலிபெருக்கியில் போட்டு அழைப்பதும் கூடு கட்டும் மாதங்களில் வேண்டவே வேண்டாம்.

வீட்டுக்கு வந்து பார்த்தால் ஒரு படமும் சரியில்லை

எல்லாம் லேசாக இழுபட்டிருந்தால் ஷட்டர் வேகம் போதவில்லை. 500 மி.மீ. லென்ஸுக்குக் கையில் பிடித்து 1/500 நொடி என்பது தரையில் நிற்பவருக்கான கணக்கு. பரண் உங்கள் மூச்சுக்கே ஆடும், 1/1000-க்குக் கீழே இறங்காதீர்கள். பறக்கும் பறவைக்கு 1/2000. பரண் பலகையில் மூன்றுகால் தாங்கியைவிட, பழைய ஜீன்ஸ் காலை வெட்டி அரிசி நிரப்பித் தைத்த மூட்டை நன்றாகத் தாங்கும்.

காலைப் படங்கள் தெளிவாக இருந்து, 10 மணிக்கு மேல் எடுத்தவை மட்டும் தண்ணீருக்கடியில் எடுத்தது போல நெளிந்தால் அது கானல். சூடான சேறும் தாரும் சாம்பல் மேடும் காற்றை அலையடிக்க வைக்கின்றன. லென்ஸில் கோளாறு இல்லை. மறுநாள் காலை சீக்கிரம் போங்கள், அல்லது தூரத்தைக் குறையுங்கள்.

கொக்கு வெறும் வெள்ளைத் திட்டாக வந்தால் கேமராவின் ஒளியளவுத் திருத்தத்தில் 0.7 முதல் 1 ஸ்டாப் வரை குறைத்து எடுங்கள். இருண்ட தண்ணீரைப் பார்த்து கேமரா ஏமாந்திருக்கிறது. வானத்துக்கு எதிரே கரிச்சான் கறுப்புப் பொட்டாக வந்தால் அதே அளவு கூட்டுங்கள்.

முதல் அரை மணி நேரப் படங்கள் மட்டும் புகைபடிந்தது போல் இருந்தால், ஏசி அறையிலிருந்து எடுத்ததும் கடற்கரை ஈரக்காற்றில் திறந்திருக்கிறீர்கள். கண்ணாடியில் நீர் படிந்துவிட்டது. துடைத்தாலும் திரும்பப் படியும். இரவே ஏசி இல்லாத அறையில் பையோடு வைத்துவிடுங்கள், அல்லது பரணுக்கு வந்தும் பையைத் திறக்காமல் அரை மணி விடுங்கள். எண்ணூர்ப் பக்கம் போய்வந்தால் உப்பும் சாம்பல் தூசியும் லென்ஸ் வளையத்தில் ஒட்டியிருக்கும். முதலில் ஊதி, பிறகு ஈரத்துணி, கடைசியில் காய்ந்த துணி. காய்ந்த துணியை முதலில் போட்டால் தூசியே கண்ணாடியைக் கீறிவிடும்.